எண்ணப்பட்டவர்களின் தீவு

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாட்டின் பணத்தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். அவற்றில் பெரும்பாலானவை எங்கெங்கோ போய்விட்டன. மொரீசியஸ் நாட்டின் நூறு ரூபாய்த் தாள் ஒன்று மட்டும் பழைய அகராதி ஒன்றுக்குள் இன்றும் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தும், நாமே மறந்துவிட்ட தமிழ் எண்களும் அச்சாகியிருந்தது சிறுவயதில் எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. தாளில் இருந்த மனிதரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தபோது ‘ரெங்கநாடென் சீனிவாசென்’ என்று வந்தது. அது ரெங்கநாதன் சீனிவாசன்தான் என்றும், பிரெஞ்சுக் காதில் விழுந்து ரோமன் எழுத்தில் எழுந்துவந்த நம்முடைய பெயர் என்றும் விளங்குவதற்கு எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

அந்நாட்டின் மற்றத் தாள்களைப் பார்த்தது அதற்கும் வெகுகாலம் கழித்து, நானே ஒருமுறை அங்கே போயிருந்தபோதுதான். இருபத்தைந்து ரூபாயில் சீன மரபினரான மொய்லின் ஜான் ஆ-சுவேன், ஐம்பதில் பிரெஞ்சு வம்சாவளியினரான மொரீஸ் பாத்துரோ, நூறில் தமிழரான சீனிவாசன், இருநூறில் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, ஐந்நூறில் சுக்தேவ் பிசுன்தயாள், ஆயிரத்தில் அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் தலைவர் கயெத்தான் துவால், இரண்டாயிரத்தில் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். நாணயமாற்று முகவரின் கடையில் நின்றபடி அவற்றை வரிசையாக விரித்துப் பார்த்தபோது, எவரையும் விட்டுவிடாமல், அதே சமயம் எவருக்கு எந்த மதிப்புத் தாள் என்பதையும் அளந்து பார்த்துச் செய்த ஒரு பந்தி உபசாரம் போல எனக்குத் தோன்றியது. இந்த வரிசை வெளிவந்த 1998-ஆம் ஆண்டிலேயே அதன்மேல் ஒரு பெரும் சண்டையும் நடந்திருக்கிறது. முந்தைய தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாக இருந்த தமிழ், புதிய தாள்களில் இந்திக்குக் கீழே இறங்கியிருந்தது. தீவுக்கு முதலில் வந்த இந்தியர்கள் நாங்கள்தாம், எங்களைப் பின்னுக்குத் தள்ளுவது என்ன நியாயம் என்று தமிழர்கள் வீதிக்கு வந்தார்கள். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று.

ஒரு நாட்டின் பணத்தாளில் எந்த மொழி எந்த வரியில் வருகிறது என்பது இவ்வளவு பெரிய விவகாரமாவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்தத் தீவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, யார் முதலில் வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களை எந்தப் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதினார்கள் என்பதைத் தவிர அங்கே அரசியலுக்கு வேறு அடித்தளமே இருந்ததில்லை என்ற முடிவுக்கு நான் வந்தேன். காரணம் எளியது. இந்தியப் பெருங்கடலின் அந்தத் தீவில் பூர்வகுடிகள் என்று எவரும் கிடையாது. அராபிய மாலுமிகளும் போர்ச்சுகீசியரும் அதை அறிந்திருந்தார்களே தவிரக் குடியேறவில்லை. 1598-இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மொரீசின் பெயரை அதற்குச் சூட்டி, 1638-இல் குடியேற்றம் அமைத்து, கருங்காலி மரங்களை வெட்டி, ஜாவாவிலிருந்து கரும்பையும் மான்களையும் கொண்டுவந்து, டோடோ பறவையை இல்லாமலாக்கி, 1710-இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கரும்பு மட்டும் போகவில்லை.

1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவுக்கு உரிமை கோரினார்கள்; அடுத்த சில ஆண்டுகளில் ‘ஈல் து பிரான்ஸ்’ என்ற பெயரில் குடியேற்றமும் தொடங்கிற்று. அதை ஒரு துறைமுகமாகவும் நகரமாகவும் ஆக்கியவர் 1735-இல் ஆளுநராக வந்த மாஹே த லா பூர்தொனே. 1746-இல் கப்பல் படையோடு வந்து சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவரும் இவரே. அந்தப் படையை அவர் திரட்டியது இந்தத் தீவில்தான். போர்ட் லூயி நகரின் கட்டடங்களை எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் அவர் வருவித்தார். பணத்தாள் சண்டையில் தமிழர்கள் சொன்ன ‘நாங்கள் முதலில் வந்தோம்’ என்பதற்கு ஆதாரம் இதுவே. அவர்கள் கூலிகளாக அன்றிக் கைவினைஞர்களாகவும் பின்னர் வணிகர்களாகவும் வந்தவர்கள். நகரத்தின் ஒரு பகுதிக்கு ‘மலபார் குடியிருப்பு’ என்றே பெயர் இருந்தது.

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபுறமும் உண்டு. நம்மவர்கள் அதை எழுதும்போது பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதே துறைமுகத்தை எழுப்பியதில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளுடையது. இந்தியாவிலிருந்தும் அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். சுதந்திரக் குடிகளாக வாழ்ந்த இந்தியர்களில் வசதி படைத்தவர்கள் தாமும் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1723-இல் அத்தீவுகளுக்கென்று பிறப்பிக்கப்பட்ட ‘கறுப்புச் சட்டம்’ அடிமையை அசையும் சொத்து என்று வரையறுத்தது. அசையும் சொத்துக்குக் கணக்கு வேண்டும். மாடு, வண்டி, பாத்திரத்தோடு சேர்த்து மனிதனையும் பட்டியலில் எழுதும் வழக்கம் அங்கே அப்படித்தான் வேரூன்றியது. பாரிசில் புரட்சி அரசு 1794-இல் அடிமை முறையை ஒழித்தபோது, தீவின் தோட்ட முதலாளிகள் அந்த ஆணையைக் கண்டுகொள்ளவே இல்லை. அதை நடைமுறைப்படுத்துவதற்காக 1796-இல் வந்த இரண்டு பிரதிநிதிகளையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். புரட்சியின் மூவண்ணக் கொடியை ஏற்றுக்கொண்டு புரட்சியை மட்டும் ஏற்காமல் விட்ட விந்தை அது.

1810 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் தீவைக் கைப்பற்றினார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர்கள் வென்றிருந்தார்கள். நெப்போலியன் காலத்துக் கடற்போர்களுள் பாரிசின் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்ட ஒரே வெற்றி அது. போரில் வென்றவர்கள் தீவை இழந்தார்கள் என்றாலும், சரணடைவு ஒப்பந்தத்தில் தங்கள் மதம், சட்டம், வழக்கம் ஆகியவை மாற்றப்படக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த ஒரு வரியின் விளைவை இன்றும் போர்ட் லூயி வீதியில் காதால் கேட்கலாம். நாடாளுமன்றத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம், நாளிதழ்களின் மொழி பிரெஞ்சு, அநேகமாக எல்லாருடைய வீட்டு மொழியும் அடிமைகளின் வாயில் பிறந்த கிரியோல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயர் ஆண்ட ஒரு நாட்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆங்கிலேயர்கள் அடிமைகளுக்கென்று தனிப் பதிவேடுகளைத் தொடங்கினார்கள். கள்ளத்தனமாக அடிமைகளைக் கடத்திவருவதைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆனால் 1835 பிப்ரவரி 1-ஆம் நாள் அடிமைமுறை ஒழிந்தபோது அந்தப் பதிவேடுகள் வேறொரு கணக்குக்கு உதவின. விடுதலையான ஏறத்தாழ 66,000 பேருக்காகப் பிரித்தானிய அரசு இருபது இலட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது; ஆனால் அந்த இழப்பீடு போய்ச் சேர்ந்தது அவர்களை வைத்திருந்த உடைமையாளர்களின் கைக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசோ ஒரு குழி நிலமோ கிடைக்கவில்லை. ‘பயிற்சிப் பணியாளர்’ என்ற புதுப் பெயரில் மேலும் சில ஆண்டுகள் அதே எசமானிடம் வேலை செய்யும் கடமைதான் கிடைத்தது. 1839-இல் அதுவும் முடிந்தபோது, கரும்புக் காட்டைத் திரும்பிப் பார்க்கவும் மனமில்லாமல் பெரும்பாலோர் கடற்கரைக்கும் மலைச்சரிவுகளுக்கும் நகர்ந்துவிட்டார்கள். அதன்பிறகு தீவின் பொருளாதாரக் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இடைவெளியை நிரப்ப ஆள் தயாராக இருந்தது. 1834 நவம்பர் 2-இல் ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கிற்று. அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு தோட்டங்களை நடத்த முடியுமா என்று பிரித்தானிய அரசு செய்து பார்த்த சோதனை அது. சோதனை வெற்றி என்று முடிவானபிறகு, டிரினிடாட், கயானா, பிஜி, நேட்டால் என்று உலகின் கரும்புத் தீவுகளுக்கும் கரைகளுக்கும் எல்லாம் அதே முறை போய்ச் சேர்ந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று துறைமுகங்கள் வழியாக, அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில், ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் மொரீசியசில் இறங்கினார்கள். 1861-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே தீவின் மக்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் இந்தியர்கள். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் மக்கள்தொகை இப்படித் தலைகீழாக மாறியதற்கு வேறு எடுத்துக்காட்டுகள் அதிகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

போர்ட் லூயி துறைமுகத்தின் ஓரத்தில், இன்று ‘ஆப்ரவாசி காட்’ என்று அழைக்கப்படும் அந்தக் குடியேற்றக் கிடங்கின் எச்சத்தைப் பார்த்தேன். 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரிய கட்டடமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்: கருங்கல் படிக்கட்டு, சில அறைகளின் சுவர்கள், பக்கத்தில் இரைந்துகொண்டே போகும் நெடுஞ்சாலை. ஆனால் அங்கே நடந்த வேலை முழுக்க எழுத்து வேலை. வந்திறங்கியவரின் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது, உயரம், உடம்பின் அடையாளம் ஆகிய எல்லாவற்றையும் எழுதி ஓர் எண் கொடுத்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆண்களுக்கு மாதம் ஐந்து ரூபாய், அரிசி, பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டும் ‘இரட்டை வெட்டு’ என்ற விதியும் இருந்தது. மாதம் முழுதும் உழைத்துவிட்டு, மாதக் கடைசியில் கைக்கு எதுவும் வராமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். 1860-களில் புகைப்படமும் சேர்ந்துகொண்டது. 1867-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்து வெளியே வந்தவர்கள்கூடத் தங்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டை எந்நேரமும் மடியில் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் ஊர்சுற்றி என்று பிடித்துப்போய் அடைப்பார்கள். இன்று அந்தப் பதிவேடுகளும் படங்களும் மோக்கா என்னும் ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் பிடித்து வைப்பதற்காக எழுதப்பட்ட அந்த வரிகளை, இன்று பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் தங்கள் பூட்டனின் ஊரைத் தெரிந்துகொள்வதற்காகத் தேடி வருகிறார்கள்.

நம் பெயர்களுக்கு நேர்ந்ததையும் அந்தப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். நம்மிடம் குடும்பப்பெயர் என்ற ஒன்று இல்லை. தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாகும், அவ்வளவுதான். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு கூலியின் பெயர், அவருக்குப் பின் அவருடைய சந்ததி அத்தனைக்கும் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. குப்பன் என்பவர் ‘கூப்பென்’ குடும்பமானார், முனியன் ‘மூனியென்’ குடும்பமானார். நான் தங்கியிருந்த வீட்டின் பெரியவருக்குத் தமிழ் பேசத் தெரியாது. தைப்பூசக் காவடிக்குப் பாடும் பாட்டுகளை ரோமன் எழுத்தில் எழுதிய ஏட்டைப் பார்த்துப் பிசகில்லாமல் பாடினார். முருங்கைக்கீரையை ‘பிரேத் முரூம்’ என்றார், இரசத்தை ‘ரசோன்’ என்றார். வாழையிலையில் ஏழு கறி வைத்து எனக்குப் பரிமாறினார்கள். மொழி போனபின்னும் அடுக்களையும் கோயிலும் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே அதற்குள் போகவில்லை.

கூலிகள் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1871-இல் அதோல்ப் த பிளேவிட்ஸ் என்ற, ஜெர்மானிய மரபைச் சேர்ந்த ஒரு தோட்டக்காரர், தொழிலாளர்களின் குறைகளை எழுதி 9,401 பேரிடம் கையொப்பம் பெற்று ஆளுநரிடம் கொடுத்தார். வெள்ளைத் தோட்ட முதலாளி ஒருவர் அவரை நடுத்தெருவில் வைத்து அடித்தார். ஆனாலும் அரச விசாரணைக் குழு ஒன்று 1872-இல் வந்து, 1875-இல் அறிக்கை தந்தது. சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அறிக்கையைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது சர்க்கரை விலையின் வீழ்ச்சி என்பது என் கருத்து. விலை சரிந்து கையில் காசில்லாமல் போன முதலாளிகள், 1880-களிலிருந்து தங்கள் தோட்டங்களின் ஓரங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்கத் தொடங்கினார்கள். குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்து வைத்திருந்த இந்தியர்கள் அவற்றை வாங்கினார்கள். கிராமங்கள் உண்டாயின, கோயில்கள் எழுந்தன, பிள்ளைகளில் ஒருவனாவது பள்ளிக்குப் போனான். இருபதாம் நூற்றாண்டின் அரசியல் தலைவர்கள் பலருடைய குடும்பங்கள் இந்தத் துண்டு நிலங்களிலிருந்து வந்தவை. விடுதலையடைந்த அடிமைகளின் வம்சத்துக்கு இந்த ஏணி வாய்க்கவில்லை என்பதை மறந்துவிட்டால், பின்னால் நடந்தவை விளங்காது.

நிலம் வந்தாலும் ஓட்டு வரவில்லை. 1886-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை தந்தது. அதாவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்தி சில வாரங்கள் தீவில் தங்கினார். அவர் தூண்டுதலால் 1907-இல் வந்த மணிலால் டாக்டர் என்ற வழக்கறிஞர் கூலிகளுக்காக நீதிமன்றத்தில் நின்றார். சட்டமன்றத்துக்கு முதன்முதலில் இந்திய மரபினர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1926-இல்தான். 1936 பிப்ரவரியில் மொரீஸ் குரே என்ற மருத்துவர் தொழிற்கட்சியைத் தொடங்கினார். அவர் கிரியோல் சமூகத்தவர். கட்சியின் அடுத்த பெருந்தலைவரான எம்மானுவல் அங்க்தியும் அப்படியே. 1938-இல் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது அவரை ரொட்ரிக்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். இந்தியக் கரும்புத் தொழிலாளிகளுக்கும் கிரியோல் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் ஒரே கட்சி, ஒரே கோரிக்கை என்றிருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அந்தக் காலத்தில்தான் அத்தீவு தன்னை இனத்தால் எண்ணாமல் வேலையால் எண்ணிப் பார்த்தது.

1943 செப்டம்பர் 27. தீவின் வடக்கே பெல் வூ ஆரெல் என்ற தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். உலகப்போர்க் காலம், அரிசிக் கப்பல் வருவது நின்று, விலைவாசி ஏறியிருந்தது. அங்கே போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் பெயர்கள் பதிவேட்டின் எழுத்துப்படி: அஞ்சலே கூப்பென், கிஸ்ட்னசாமி மூனிசாமி, மூன்சாமி மூனியென், மார்தே பனாப்பென். அஞ்சலை, கிருஷ்ணசாமி, முனுசாமி, மருதை என்று நான் படித்துக்கொண்டேன். அஞ்சலைக்கு வயது 32. அப்போது அவர் கருவுற்றிருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலோ கடலூர்ப் பக்கத்திலோ எந்த ஊருக்குப் போனாலும் அஞ்சலை என்ற பெயரில் ஒரு பெண் இன்றைக்கும் இருப்பார். கடல்கடந்த ஒரு தீவின் தொழிலாளர் வரலாற்றில் தியாகியின் பெயராக அது நிற்கிறது. பெல் வூவில் உள்ள விளையாட்டரங்கத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பெயர் எந்தப் பாடநூலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

துப்பாக்கிச் சூட்டைப் பற்றி விசாரணை நடந்தது, போர் முடிந்தது, புதிய அரசியலமைப்பு வந்தது. 1948-இல், தீவில் வழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றில் எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கு வாக்குரிமை என்று விதி மாறியது. இங்கேதான் ஐந்நூறு ரூபாய்த் தாளின் மனிதர் வருகிறார். சுக்தேவ் பிசுன்தயாளும் அவருடைய அண்ணன் பாசுதேவும் ‘ஜன் ஆந்தோலன்’ என்ற இயக்கத்தின் மூலம் ஊர் ஊராகத் தொண்டர்களை அனுப்பி, பகலெல்லாம் கரும்பு வெட்டிய கைகளுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறத்தாழ 12,000-ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 72,000-ஆக ஏறிற்று. பாட்டனின் பெயரை யாரோ ஒரு எழுத்தர் எழுதினார். பேரன் தன் பெயரைத் தானே எழுதி வாக்காளர் பட்டியலில் ஏறினான். தேர்ந்தெடுக்கப்பட்ட 19 பேரில் இந்திய மரபினர் முதன்முறையாகப் பெரும்பான்மை பெற்றார்கள். ஆளுநர் தம் பங்குக்குப் பழமைவாதிகளையே நியமன உறுப்பினர்களாகப் போட்டு அந்தப் பெரும்பான்மையைச் சமன்செய்தார் என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

ஓட்டு விரிந்ததோடு பயமும் விரிந்தது. 1959-இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்றானபோது, விடுதலை என்றால் இந்துக்களின் ஆட்சி என்ற அச்சத்தைக் கிரியோல் மக்களிடையிலும் முஸ்லிம்கள், சீனர்களில் ஒரு பகுதியினரிடையிலும் பிரெஞ்சு மரபினரின் பத்திரிகைகள் வளர்த்தன. அதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை; நிலமும் அரசு வேலையும் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களின் பயம் அது. 1967 ஆகஸ்ட் தேர்தலில் ராம்கூலத்தின் கூட்டணி விடுதலையை முன்வைத்து வென்றது. ஆனால் விடுதலையை எதிர்த்த துவாலின் கட்சிக்கு ஏறத்தாழ 44 விழுக்காட்டு வாக்குகள் விழுந்தன. குடியேற்ற நாடுகளின் விடுதலைக் கதைகளில், மக்களில் இத்தனை பேர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்துவிட்டுப் பெற்ற விடுதலை அரிது. 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலந்து வாழ்ந்த தெருக்கள் பிரிந்தன. கலவரத்தை அடக்கப் பிரித்தானியப் படை வந்தது. விடுதலை விழாவுக்கு வரவிருந்த இளவரசி அலெக்சாண்டிராவின் பயணம் ரத்தானது. மார்ச் 12-ஆம் நாள், குதிரைப் பந்தயம் நடக்கும் சான் த மார்ஸ் திடலில் கொடி மாறியபோது, ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் ‘பெஸ்ட் லூசர்’ என்ற விசித்திர ஏற்பாடு அரசியலமைப்பில் வந்தது. தேர்தலில் 62 பேர் வெல்வார்கள். அதன்பிறகு, எந்தச் சமூகத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று கணக்குப் பார்த்து, தோற்றவர்களில் அதிக வாக்குப் பெற்ற எட்டுப் பேர் வரை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். வேட்பாளர் ஒவ்வொருவரும் தாம் இந்துவா, முஸ்லிமா, சீன மரபினரா, அல்லது ‘வாழ்க்கை முறையால்’ இம்மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்தொகையா’ என்று எழுதித்தர வேண்டும். அடிமைகளின் பேரனும் அடிமைகளை வைத்திருந்த பிரெஞ்சுக்காரரின் பேரனும் ‘பொது’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். தமிழர்கள் ‘இந்து’ என்ற கட்டத்தில் கரைந்தார்கள். பணத்தாளின் வரிசைக்காக அவ்வளவு கோபம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். கணக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது 1972-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பின்வந்த கணக்கெடுப்புகளில் சமூகம் பற்றிய கேள்வியே நீக்கப்பட்டுவிட்டதால், இன்றைய வேட்பாளர்களை அரை நூற்றாண்டுக்கு முந்தைய தலைக்கட்டுக் கணக்கில் வைத்தே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2012-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இது பொருந்தாது என்றது. 2014-இல் தற்காலிகமாகச் சமூகத்தைச் சொல்லாமலும் போட்டியிடலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. இந்த முறையை நான் முதலில் எள்ளி நகையாடியதுண்டு. கலவரம் கண்ட தீவு அதன்பின் தேர்தல் மூலமாகவே அரசுகளை மாற்றி வந்திருக்கிறது என்பதைப் பார்க்கும்போது அந்த எள்ளல் குறைந்துபோயிற்று, முற்றிலும் போகவில்லை.

பொருளாதாரக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பின்னர் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1961-இல் இத்தீவுக்கு எதிர்காலம் இருண்டது என்று எழுதினார்; 1970-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலமும், ஐரோப்பா கொடுத்த சர்க்கரை விலையும், சுற்றுலாவும் அவர் கணிப்பைப் பொய்யாக்கின. 1969-இல் இளைஞர்கள் தொடங்கிய எம்.எம்.எம். என்ற இடதுசாரிக் கட்சி மீண்டும் இனத்தை விட்டு வர்க்கத்தைப் பேசியது. அரசு அவசர நிலையை அறிவித்துத் தலைவர்களைச் சிறையிலிட்டது, 1972-இல் நடக்க வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டது. 1982-இல் அக்கட்சியின் கூட்டணி, ரொட்ரிக்ஸ் தீவின் இரண்டு இடங்கள் நீங்கலாக மொத்த இடங்களையும், அறுபதுக்கு அறுபது என்று அள்ளியது, ஓராண்டுக்குள் உடைந்தது. 1992-இல் நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவராக வந்தவர் வீராசாமி ரிங்காடு. செழிப்பு எல்லாருக்கும் வரவில்லை. 1999 பிப்ரவரியில், ‘செகே’ இசையின் முன்னோடியான காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்தார்; தீவு முழுதும் நாள்கணக்கில் எரிந்தது. அன்று வீதிக்கு வந்தவர்கள் நிலமில்லாமல் விடுதலை பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள்.

எழுதி எழுதியே ஒரு தீவை உண்டாக்கிய அதே அரசு, எழுதாமல் விட்டே ஒரு மக்களை இல்லாமலாக்கவும் செய்தது. மொரீசியசுக்கு வடகிழக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தேங்காய்த் தோட்டங்களுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளின் வழியினர் தலைமுறை தலைமுறையாகக் கொப்பரை உலர்த்தி வாழ்ந்தார்கள். 1965 நவம்பர் 8-இல், மொரீசியசுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, முப்பது இலட்சம் பவுன் கொடுத்து அந்தத் தீவுகளைப் பிரித்தானியா தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்றான தியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்குப் படைத்தளம் தேவைப்பட்டது. தளத்தின் அருகே குடிமக்கள் இருக்கக்கூடாது. ஆகவே அங்கே நிரந்தரக் குடிகள் எவரும் இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டுமே என்று காட்டிவிடுவது என அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். 1966-ஆம் ஆண்டின் ஒரு கோப்பில், அந்த மக்களை ஒரு சில டார்ஜான்கள் என்று கேலியாகக் குறித்துவைத்த வரி இன்றும் இருக்கிறது. மொரீசியசில் கூலி என்று எழுதப்பட்டவர்கள் அந்தச் சொல்லின் பலத்திலேயே குடிமக்களானார்கள். சாகோசில் குடிமக்களாக வாழ்ந்தவர்களை அதே சொல்லால் வெளியேற்றினார்கள்.

1968-க்கும் 1973-க்கும் இடையே அனைவரும் கப்பலேற்றப்பட்டார்கள். சிகிச்சைக்காக மொரீசியசுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டார்கள். மீதியிருந்தவர்களுக்கு உணவுப்பொருள் வருவது குறைந்தது. தியேகோ கார்சியாவில் அவர்களுடைய நாய்களைப் பிடித்துக் கொட்டகைக்குள் அடைத்துப் புகையால் கொன்றார்கள். போர்ட் லூயியின் ஓரக் குடிசைகளில் இறக்கிவிடப்பட்ட அந்த மக்களைப் புதிய நாட்டிலும் எவரும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கென 1972-இல் பிரித்தானியா கொடுத்த பணம் கைக்கு வர ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. போராட்டத்தை முதலில் கையிலெடுத்தவர்கள் சார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத்தே போன்ற பெண்கள். ஒலிவியே பான்கூல் தொடுத்த வழக்கில் 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004-இல் அரச ஆணை ஒன்றால் அந்தத் தீர்ப்பு பயனற்றுப்போனது. 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம், சாகோசைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று ஆலோசனைக் கருத்து தந்தது. 2025 மே மாதம் தீவுகளின் இறையாண்மையை மொரீசியசிடம் ஒப்படைத்து, தியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு வைத்துக்கொள்ளும் உடன்படிக்கையில் இரு அரசுகளும் கையொப்பமிட்டன. எங்களைக் கேட்காமல் எங்கள் தீவைப் பற்றி இரண்டு அரசுகள் பேசி முடித்துவிட்டன என்று சாகோசியர் பலர் இதையும் எதிர்த்தார்கள்.

இடையில் 2006 ஏப்ரலில், அவர்களில் ஏறத்தாழ நூறு பேரைச் சில நாள்களுக்கு மட்டும் கப்பலில் அழைத்துப்போய்க் காட்ட அரசு இசைந்தது. கரையிறங்கியவர்களுக்கு வீடுகளைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. தென்னைகளும் கொடிகளும் எல்லாவற்றையும் மூடியிருந்தன. நிரந்தரக் குடிகள் எவரும் இல்லை என்று கோப்பில் எழுதப்பட்ட அந்தத் தீவுகளில் அவர்கள் போய் நின்றது இடுகாட்டில்தான். தாத்தா பாட்டிகளின் கல்லறைகள் மேல் படர்ந்திருந்த செடிகளை வெட்டி, பூ வைத்து, பிரார்த்தனை செய்தார்கள். பிறகு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு மொரீசியசுக்குத் திரும்பியது.